பீரோவில் தூங்கிய அறுபத்து நான்கு போன்கள்

போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதே என்று பதறுகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சார்ஜ் தீராமல் அப்படியே இருந்ததைப் பார்த்துப் பதறிப்போன ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ‘உங்கள் சாதனைகளில் ஒன்றை எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டீர்கள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. என் கோளாறுகள் என்றால் ஒரு டைரி நிறையும். அதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

விருதுநகர் வட்டாரத்தில் ஒரு செல்போன் நெட்வொர்க் கம்பெனிக்கு நான் கள இன்ஜினியர். டவர், கேபிள் என்று என்னென்னவோ பார்த்தாலும் எனக்குப் பித்து ஒன்றில்தான். போன் குறைவாகக் கரண்ட் தின்ன வேண்டும். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் போனை எடுத்தால், சாம்பாருக்கு முன்னால் நான் அவருக்குத் திரை வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்துவிடுவேன். ஆபீசில் என் பெயர் ‘சார்ஜர் சார்’. என் பையில் எப்போதும் இரண்டு பவர்பேங்க் இருந்ததை மட்டும் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டேன்.

விஸ்வநத்தத்தை ஒட்டிய ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் எங்கள் சிம்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் அங்கிருந்து மேனேஜர் கூப்பிட்டார். “உங்க சிம்மு சார்ஜக் குடிக்கி சார். பொம்பளைக என்னைய வையிறாக. நேர்ல வந்து நீங்களே வாங்கிக்கோங்க.”

போனேன். சாயங்காலம் வேலை விடுகிற நேரம். வாசலில் வேன்கள் நின்றன. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் வேனில் இருந்து இறங்கியதும் கேட்டில் வாட்ச்மேன் கருப்பசாமியிடம் போனைக் கொடுத்துவிட்டு, பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய நம்பர் டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். வெளியே வரும்போது டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்குவார்கள். அன்று வாங்கிய ஒவ்வொருத்தியும் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எல்லாம் செத்துக் கிடந்தன.

ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார். பஞ்சவர்ணம் என்று பெயர். முழங்கை வரைக்கும் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர்.

“நீங்கதான் சிம்முக்காரகளா?”

“ஆமாம்மா.”

“காலையில நூறு இருக்கு. சாயங்காலம் பொணமா கெடக்கு. நாங்க யாரும் தொடுறதுகூட இல்ல. பின்ன யாரு சார் குடிக்கா, உங்க டவரா?”

“பார்த்துடலாம்மா.”

“சும்மா பாத்துட்டுப் போயிராதீக. எம்மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. ஆனைக்குட்டத்துல வீட்டுல பகல் பூரா ஒத்தையில கெடக்கா. வலி கண்டுச்சுன்னா அவ யாரக் கூப்புடுவா? எம்போனத்தான கூப்புடணும்?”

அவர் சொன்னதில் ‘பகல் பூரா’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது, கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை. என் காதில் விழுந்தது ‘சாயங்காலம் சார்ஜ் இல்லை’ என்பது மட்டும்தான்.

மறுநாள் பகலில் போய், போன்களை எங்கே வைக்கிறீர்கள் என்று கருப்பசாமியிடம் கேட்டேன். அவர் ஒரு இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே கையை வைத்தவன் வெடுக்கென்று எடுத்தேன். அறுபத்து நான்கு போன்களும் அப்போதுதான் கொப்பரையில் இருந்து எடுத்த இட்லி மாதிரி சுட்டன. தீக்குச்சிக்குக்கூடப் பயப்படுகிற ஒரு கம்பெனியின் வாசலில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், சூடான பேட்டரிகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

காரணம் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்புக்குள் சிக்னல் சரியாகப் போகாது. டவர் கிடைக்காத போன் சும்மா இருக்காது. எங்கே டவர், எங்கே டவர் என்று தன் முழு பலத்தையும் போட்டுத் தேடும். மெலிதாகக் கதவு இடுக்கில் கொஞ்சம் கிடைத்தாலும் அதோடு கத்திக் கத்திப் பேசும். பகல் முழுவதும் அறுபத்து நான்கு பேர் பூட்டிய அறைக்குள் நின்று கத்தினால் சாயங்காலம் தொண்டை என்ன ஆகும்?

“முன்ன மரத்துல ஒரு ரேக்கு இருந்துச்சு சார்” என்றார் கருப்பசாமி. “ஒரு போனு காணாமப் போச்சுன்னு இந்த பீரோவ வாங்கிப் போட்டாக. ரேக்குல இருக்கையில மணி அடிச்சா நான் எடுத்து...”

“இனிமே உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லண்ணே” என்று அவரை வெட்டினேன். அவர் எடுத்து என்ன செய்வார் என்பதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அறிவாளி அவசரத்தில் இருந்தேன்.

ரேக்கைத் திரும்பக் கொண்டுவர மேனேஜர் சம்மதிக்க மாட்டார். அதனால் நான் கண்டுபிடித்த வழி பிளைட் மோடு. கேட்டில் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் போனை பிளைட் மோடில் போட்டுவிட வேண்டும். போன் தேடாது, கத்தாது, சூடாகாது. அடுத்த நாள் காலை வேன் வந்ததும் பெண்களை வரிசையில் நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன்.

“இந்த ஏரோப்பிளேன் படத்த ஒரு தடவை அமுக்கணும். அம்புட்டுதான்.”

“வேனுல வாரவளுக்கு எதுக்கு சார் ஏரோப்பிளேனு?” என்றார் பஞ்சவர்ணம்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் போன்களை வாங்கியவர்கள் சார்ஜைப் பார்த்துவிட்டு என்னைக் கும்பிடாத குறை. ஒருத்தர் முறுக்குப் பொட்டலம் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மதுரை ஆபீசில் எனக்கு மேலே ஒரு அம்மா இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“பகல் முழுக்க போன் தூங்குது. நல்லது சார். அந்த நேரத்துல அதைத் தேடுறவங்க யாரு?”

“உள்ளே போனே கூடாது மேடம். யார் தேடப் போறாங்க?”

“விசாரிச்சீங்களா?”

“விசாரிச்சுட்டேன்” என்றேன். முப்பது வருஷ வேலையில் நான் சொன்ன சின்னப் பொய்களில் அது ஒன்று. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, காலை வேளையில், என் பெருமையை நானே பார்ப்பதற்காக அங்கே போனேன். கையில் ஒரு நோட்டு. மேனேஜரிடம் காட்டுவதற்காக பீரோவைத் திறந்து டோக்கன் வாரியாகச் சார்ஜைக் குறித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று நான்கு. எண்பத்து எட்டு. தேர்வில் பிள்ளை வாங்கிய மார்க்கைப் பார்க்கிற தகப்பன் மாதிரி நின்றேன்.

அப்போது சத்தம் கேட்டது.

நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் என்றால் அது என்ன சத்தம் என்று விளக்க வேண்டியதில்லை. காதில் கேட்பதற்கு முன்னால் காலுக்குத் தெரியும். பீரோவின் கதவு தானாக ஆடியது. நான் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது கிழக்கே, நான்கைந்து கம்பெனிகளுக்கு அப்பால், வெள்ளையும் சாம்பலுமாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. இங்கே இல்லை. உள்ளே போர்மேன் எல்லாரையும் ஷெட்டுகளில் இருந்து வெளியே வரச் சொல்லி, வெட்டவெளியில் உட்கார வைத்துத் தலை எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடிக்கும்வரை யாரும் கேட்டுக்கு வர முடியாது. அது அங்கே கண்டிப்பான விதி.

கருப்பசாமி பதறவில்லை. கேட்டை இழுத்துச் சாத்தினார். பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து பீரோவுக்கு முன்னால் போட்டார். கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தார்.

“என்னண்ணே, எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?”

“இப்ப அடிக்கும் சார்.”

“என்ன அடிக்கும்?”

“போனுதான். சத்தம் கேட்டா ஊருல இருந்து அம்புட்டுப் பேரும் கூப்புடுவாக. ஒவ்வொண்ணா எடுத்து ‘சத்தம் இங்கன இல்லம்மா, வேற கம்பெனி’ன்னு சொல்லிட்டு வைப்பேன். ஆபீசு போனு ஒத்த லைனுதான, அது எந்நேரமும் ஆளு பேசிக்கிட்டே இருக்கும். அதனால அவுகவுக வீட்டாளுக நம்பருக்குத்தான் அடிப்பாக. எடுத்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அங்கன உசுரு வந்துரும்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நானும் நின்றேன். பீரோவுக்குள் அறுபத்து நான்கு போன்கள். ஒன்றுகூட அசையவில்லை.

கருப்பசாமி காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “என்ன சார், ஒண்ணுகூட அடிக்கல. ஊருப்பக்கம் சத்தம் கேக்கலையோ?”

ஏரோப்பிளேனை அமுக்கினால் மணியே அடிக்காது என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நான் புகையைப் பார்த்தேன். ஆனைக்குட்டத்தில் அணைக்கரை மேல் நின்று பார்த்தால்கூட அது தெரியும். சுற்று ஊர்களில் இருந்து இந்த நிமிஷம் எத்தனை பேர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்கள் காதில் என்ன விழும் என்பது எனக்குத்தான் தெரியும். அந்தக் குரலை எங்கள் நெட்வொர்க்கில் போட்டதே நாங்கள்தான். ‘நீங்கள் அழைக்கும் நபரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.’ இந்த ஊரில், புகையைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்பவருக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

என் கையில் நோட்டு இருந்தது. அதில் தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்று நான்கு, எண்பத்து எட்டு. நான் எழுதிய எண்களை நானே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கருப்பசாமிதான் தோளைத் தொட்டார்.

“சார்?”

“அண்ணே, துண்டை விரிங்க” என்றேன்.

வேப்பமரத்தடியில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். அவர் துண்டையும் ஒரு சாக்கையும் விரித்தார். இரண்டு பேரும் போன்களை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து பரப்பினோம். ஒவ்வொன்றாக ஏரோப்பிளேனை அணைத்தேன். பத்து நாளுக்கு முன்னால் ஒரே அமுக்கு என்று பாடம் நடத்தியவனுக்கு அன்று விரல் படத்தில் படவே இல்லை. முதல் போன் டவரைப் பிடித்தது. பத்து விநாடி. பிறகு அது நடுங்க ஆரம்பித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. துண்டு முழுவதும் போன்கள் துடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்தன. தவறிய அழைப்புகளின் செய்திகள் வந்து கொட்டின. நான் பார்த்த எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் அப்படி ஒரு காட்சி கிடையாது.

ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன்.

“ஹலோ, நான் சிம் கம்பெனி...”

“எம் பொண்டாட்டி போன்ல நீ யாருலே?”

“ஏங்க, நான் இன்ஜினியர்...”

“அவ எங்க? ஏலே, அவ எங்கன்னு கேக்கேன்.”

அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார். கருப்பசாமி இன்னொரு போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து, “நீங்க யாருன்னு சொல்லாதீக சார். சத்தம் இங்கன இல்லன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

அதன் பிறகு நான் வேறு எதுவும் சொல்லவில்லை. சத்தம் இங்கன இல்ல. சத்தம் இங்கன இல்லம்மா. வேற கம்பெனி. என் ஆபீஸ் பேச்சு எங்கேயோ போய், கருப்பசாமியின் குரலே எனக்கும் வந்துவிட்டது. மறுமுனையில் சிலர் நீளமாக மூச்சு விட்டார்கள். ஒருவர், “பத்து நிமிசமா எடுக்கலையே பாவிகளா” என்றார். நான் அதற்கும், சத்தம் இங்கன இல்ல என்றேன்.

நாற்பத்து ஒன்றாம் டோக்கன் பஞ்சவர்ணத்தின் போன். அதில் தவறிய அழைப்பு பதினேழு. எல்லாம் ஒரே பெயர். மாரீஸ்வரி. மகள். பதினேழாவதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நானே அந்த நம்பருக்கு அடித்தேன். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நிறைமாதப் பெண், வீட்டில் தனியாக இருக்கிறவள், பதினேழு முறை அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு இப்போது எடுக்கவில்லை என்றால் நான் என்ன நினைப்பேன்? இந்தத் தடவை அந்த மணியை வெறுமனே கேட்டுக்கொண்டு நிற்க வேண்டிய முறை என்னுடையது.

தலை எண்ணி முடித்து, போர்மேன் ஆட்களை விட்டார். பஞ்சவர்ணம் முன்னால் வந்தார். நான் போனை நீட்டினேன். பதினேழைப் பார்த்தார். மகளுக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். வெள்ளிப் பவுடர் படிந்த விரலால் திரையை அமுக்கி அமுக்கியதில் போன் முழுவதும் பளபளத்தது. “எடுடீ” என்றார், மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வது போல. “எடு தாயி.”

வேன் டிரைவரை ஆனைக்குட்டத்துக்கு அனுப்பலாம் என்று மேனேஜர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டுக்கு வெளியே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. கோழிக் கூண்டு ஏற்றுகிற வண்டி. பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாள். காலில் செருப்பு இல்லை. அந்த வயிற்றோடு, ஆனைக்குட்டத்தில் இருந்து அத்தனை தூரம், அந்த ரோட்டில் அவள் நின்றபடியே வந்திருக்கிறாள். ஆட்டோ டிரைவரும் கருப்பசாமியும் சேர்ந்து அவளை இறக்கினார்கள்.

கேட்டுக்கு உள்ளே நின்ற அம்மாவை அவள் தலையில் இருந்து கால்வரை பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அங்கேயே நின்று, ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“போனுல சார்ஜ் இல்லையாம்மா?”

பஞ்சவர்ணம் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“இருக்குடி” என்றார். “தொண்ணூத்தாறு இருக்கு.”

மகள் தன் போனை வீட்டில் அடுப்பு மேடையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். கருப்பசாமி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பினார். பிளைட் மோடு, டவர், தேடல் என்று நான் சொல்வதற்கு எல்லாமே இருந்தது. படம் போட்டே விளக்கியிருப்பேன். அதற்குப் பதிலாக நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“அந்த நோட்டுல சார்ஜ எழுதுறீகளாமே” என்றார். “இதையும் எழுதிக்கிடுங்க.”

எழுதினேன். நாற்பத்து ஒன்றாம் டோக்கன், தொண்ணூற்று ஆறு சதவீதம். பக்கத்திலேயே, தவறிய அழைப்பு பதினேழு. கிழக்கே வெடித்தது ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் என்றும், அங்கேயும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சாயங்காலம் தெரிந்தது. அதைக் கேட்டபோதுதான் நான் உட்கார்ந்தேன்.

மதுரை அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், விசாரிக்கவில்லை என்பதையும் சேர்த்து. கத்துவார் என்று காதில் இருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். அவர் “தேடுறவங்க யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா சார்?” என்று மட்டும் கேட்டார். கத்தியிருக்கலாம்.

மர ரேக் திரும்ப வந்தது. வேப்பமரத்தை ஒட்டிய சுவரில். திருட்டுக்குப் பயந்து மேனேஜர் இரும்புத் தகட்டில் கதவு போடலாம் என்றார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. மரச்சட்டத்தில் கதவும் ஒரு பூட்டும் என்று முடிவானது. சிக்னல் நல்லபடியாகக் கிடைத்ததால் போன்கள் கத்தவில்லை, சூடாகவில்லை. சாயங்காலம் எழுபதோ எண்பதோ நின்றது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். கருப்பசாமி முதல் நாளே சொல்லத்தான் வந்தார்.

நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். உங்கள் காலத்தில் போன் விநாடிக்கு ஒரு தடவை கண் விழித்து, தன்னை யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் தூங்குகிறது. நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றி அந்தத் தூக்கத்தை நீட்டுகிறீர்கள். மீட்டர், சென்சார் என்று சில கருவிகளை மணிக்கணக்கில் தூங்க வைக்கிறீர்கள். வையுங்கள், அதுதான் நம் பிழைப்பு. ஆனால் அந்த எண்ணை மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை இடத்துக்குப் போய், அங்கே இருக்கிற வாட்ச்மேன் பேச ஆரம்பித்தால் முடிக்க விடுங்கள். போனை எடுத்து அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்துக் கருப்பசாமியே என்னைக் கூப்பிட்டார். காலை பதினோரு மணி இருக்கும். ரேக்கில் நாற்பத்து ஒன்றாம் டோக்கன் அடித்திருக்கிறது. எடுத்தவர், பழக்க தோஷத்தில், “சத்தம் இங்கன இல்லம்மா” என்றாராம். மறுமுனையில் மாரீஸ்வரி, “மாமா, எனக்கு வலி கண்டிருச்சு, அம்மாவ வரச் சொல்லுங்க” என்றாளாம். வேன் டிரைவர் பஞ்சவர்ணத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போய்ச் சேரும்போது வீட்டு வாசலில் ஆம்புலன்ஸும் வந்துவிட்டதாம். பெண் குழந்தை.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால் கருப்பசாமி கொஞ்சம் தயங்கினார். சார்ஜர் சாரிடம் பேசுகிறோம், இதைச் சொல்லாமல் விட்டால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“ஊருல முந்துன நாளு கரண்டு இல்ல போல சார். அந்த அம்மா போனுல முப்பத்தொண்ணுதான் இருந்துச்சு” என்றார். “ஆனா மணி அடிச்சிருச்சு.”